பல்கலைக்கழக ஆய்வு செய்தியாகும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஊடகப் பட்டறை நடத்தப் போனால், ஊர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. பேராசிரியர்கள் பத்திரிகைகள்மீது குறைபட்டுக்கொள்வார்கள், ஆய்வு மாணவர்கள் பயந்து பயந்து கேட்பார்கள், செய்தி படிப்பவர்கள் எதை நம்புவது என்று கேட்பார்கள். நாளிதழின் செய்தி திருத்தும் பிரிவான டெஸ்கில் அறிவியல் செய்திகளைத் திருத்தி வந்தவன் என்ற முறையில் என் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஆய்வகத்தில் நடப்பது நாளிதழுக்கு எந்த வழியாக வந்து சேர்கிறது?

நிருபர் நேரே ஆய்வகத்துக்குப் போய் விசாரித்து எழுதுகிறார் என்று நினைக்கிறோம். அது அபூர்வம். கட்டுரையை ஆய்விதழ் ஏற்றுக்கொண்டதும் பல்கலைக்கழகத்தின் மக்கள் தொடர்பு அலுவலகம் ஒரு செய்திக்குறிப்பு தயாரிக்கும். ஆய்வாளர் அதைப் படித்துப் பார்த்துச் சரி என்பார். உள்ளூர் பல்கலைக்கழகம் என்றால் மக்கள் தொடர்பு அலுவலர் (பி.ஆர்.ஓ.) அதை நிருபர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். வெளிநாடு என்றால் யுரேக்அலெர்ட் போன்ற தளத்தில் ஏறும்; அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் 1996-இல் தொடங்கியது அது. அங்கிருந்து செய்தி நிறுவனம், பிறகு ஆங்கில நாளிதழ், அதைப் பார்த்துத் தமிழ் டெஸ்க். தமிழ் வாசகரிடம் வரும்போது செய்தி நாலைந்து கை மாறியிருக்கும்.

இடம் போதாவிட்டால் ஒவ்வொரு கையும் கடைசிப் பத்தியைத்தான் வெட்டும். ஆய்வின் வரம்புகளைச் செய்திக்குறிப்பு எழுதுபவர்கள் போட்டு வைப்பதும் அந்தக் கடைசிப் பத்தியில்தான்.

“எம்பார்கோ” என்று செய்திக்குறிப்பின் தலையில் போட்டிருக்கிறதே, அது என்ன?

குறிப்பிட்ட நேரம் வரை வெளியிடக் கூடாது என்ற ஒப்பந்தம். நிருபருக்குச் சில நாள் முன்பே கட்டுரை கிடைத்துவிடும். படிக்கவும் வேறு நிபுணர்களைக் கேட்கவும் அவகாசம் இருக்கும். ‘நேச்சர்’ இதழின் தடை புதன்கிழமை லண்டன் நேரம் மாலை 4 மணிக்கு விலகும். நமக்கு அது இரவு 9.30, அங்கே கோடைக்கால நேரம் என்றால் 8.30. ‘சயின்ஸ்’ இதழுக்கு வியாழன் அமெரிக்கக் கிழக்குக்கரை நேரம் பிற்பகல் 2 மணி. நம் கணக்கில் நள்ளிரவை ஒட்டி வரும், குளிர்காலத்தில் அதையும் தாண்டிவிடும். வெளியூர்ப் பதிப்புகள் அதற்குள் அச்சுக்குப் போயிருக்கும். உலகமே காலையில் பேசும் ஆய்வு தமிழ் நாளிதழில் ஒரு நாள் தாமதமாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதன் இன்னொரு முகம் இங்கல்ஃபிங்கர் விதி. ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ ஆசிரியராக இருந்த ஃபிரான்ஸ் இங்கல்ஃபிங்கர் 1969-இல் கொண்டுவந்தது. வேறெங்காவது ஏற்கெனவே வெளியான முடிவை எங்கள் இதழ் போடாது என்பது சாரம். பல ஆய்வாளர்கள் நிருபரிடம் வாய் திறக்கத் தயங்குவதற்கு இந்த விதியின் நிழல் ஒரு காரணம். கருத்தரங்கில் பேசுவது இதில் அடங்காது என்று பெரும்பாலான இதழ்கள் இப்போது தெளிவாகவே சொல்கின்றன.

எங்கள் ஆய்வை ஊடகங்கள்தானே ஊதிப் பெருக்குகின்றன?

பேராசிரியர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. அவர்களுக்குப் பிடிக்காத பதில்தான் என்னிடம் இருக்கிறது.

பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2014 டிசம்பரில் ‘பி.எம்.ஜே.’ மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 20 முன்னணி பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் 2011-இல் வெளியிட்ட உடல்நலம் சார்ந்த 462 செய்திக்குறிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். மூல ஆய்வுக்கட்டுரை என்ன சொன்னது, செய்திக்குறிப்பு என்ன சொன்னது, நாளிதழ்கள் என்ன எழுதின என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். செய்திக்குறிப்புகளில் 40 சதவீதம், கட்டுரையில் இருந்ததைவிட அழுத்தமாக வாசகருக்கு அறிவுரை சொன்னது. 33 சதவீதம், தொடர்பு மட்டுமே கண்ட ஆய்வைக் காரணம் கண்டதாகக் காட்டியது. 36 சதவீதம், விலங்குகளில் கண்டதை மனிதருக்கும் பொருந்துவதாக நீட்டியது. அதாவது நிருபர் கைக்கு வருவதற்கு முன்பே, பல்கலைக்கழக வாசலைத் தாண்டுவதற்கு முன்பே மிகை சேர்ந்துவிட்டது.

செய்திக்குறிப்பில் மிகை இருந்தால் அதே மிகை செய்தியிலும் இருந்தது: மேலே சொன்ன வரிசையில் 58, 81, 86 சதவீதம். செய்திக்குறிப்பு நிதானமாக இருந்தபோது 17, 18, 10 சதவீதம். பத்திரிகைகள் சுத்தம் என்று இதற்குப் பொருள் இல்லை, அந்தப் பத்துப் பதினெட்டு சதவீதம் எங்கள் தொழில் செய்த வேலை. ஆனால் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது என்பது கண்கூடு.

நான் பட்டறைகளில் அடித்துச் சொல்லும் விஷயம் இதற்கு அடுத்தது. மிகைப்படுத்திய குறிப்புகளுக்குச் செய்தியில் கூடுதல் இடம் கிடைத்ததா என்றும் பார்த்தார்கள். கிடைத்ததற்கு உருப்படியான சான்று இல்லை. பின்னர் செய்திக்குறிப்புகளையே மாற்றி எழுதிச் சோதித்தபோதும், “இது தொடர்பு மட்டுமே” போன்ற எச்சரிக்கைகளைச் சேர்த்ததால் செய்தி வாய்ப்பு குறையவில்லை. பொய்யால் லாபம்கூட இல்லை என்றால் எதற்காகச் சொல்ல வேண்டும்?

ஒப்புதலுக்கு வரும் செய்திக்குறிப்பில் ஆய்வாளர் உண்மையில் எதைப் பார்க்க வேண்டும்?

பெயரின் முன்னெழுத்தும் பதவியும் சரியா என்று மட்டும் பார்த்துவிட்டு ‘ஓகே சார்’ என்று அனுப்புகிறவர்கள்தான் அதிகம். தலைப்பையும் முதல் பத்தியையும் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் படிக்கப்போவது அதைத்தான். சோதனை எலியிலா, செல்களிலா, மனிதரிலா என்பது அந்த முதல் பத்தியிலேயே வர வேண்டும். ‘சர்க்கரை நோய்க்குப் புதிய மருந்து: பல்கலைக்கழகம் கண்டுபிடிப்பு’ என்று தலைப்பிட்டு, சோதனை விஸ்டார் என்ற ஆய்வக எலிகளில் நடந்தது என்பதை ஏழாவது பத்தியில் சொன்னால் ஏழாவது பத்தி அச்சேறாது. இதே குறையைச் சுட்டிக்காட்டுவதற்கென்றே 2019-இல் ஒரு ட்விட்டர் கணக்கு தொடங்கப்பட்டது. பரபரப்பான மருத்துவச் செய்திகளைப் பகிர்ந்து, மேலே “எலிகளில்” என்று மட்டும் எழுதும். அவ்வளவுதான் அதன் வேலை, ஆயிரக்கணக்கானோர் பின்தொடர்ந்தார்கள்.

செய்திக்குறிப்பே ஒரு பல்கலைக்கழகத்தைச் சிக்கலில் மாட்டிவிட்டது உண்டா?

உண்டு. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகம் 2015 டிசம்பரில் ஒரு செய்திக்குறிப்பு வெளியிட்டது. ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் சாக்லேட் பாலைக் குடித்த பள்ளிக் கால்பந்து வீரர்களுக்கு நினைவாற்றலும் உடல் இயக்கமும் மேம்பட்டன, தலையில் அடிபட்டவர்களுக்குக்கூட, என்றது. பாலின் பெயரையும் போட்டிருந்தார்கள். அங்கே ஆடப்படும் கால்பந்தில் தலையோடு தலை மோதுவது அன்றாடம். பிள்ளைகளின் மூளைக்காயம் பெற்றோருக்குப் பெரிய கவலை. அந்தப் பயத்தின்மேல் போய் விழுந்தது இந்தச் செய்தி. ஒரு மாவட்டப் பள்ளி நிர்வாகம் அந்தப் பாலைத் தன் வீரர்களுக்குத் தரும் யோசனை வரைக்கும் போனது.

மருத்துவச் செய்திகளைத் தரம் பார்த்துவந்த ‘ஹெல்த் நியூஸ் ரிவ்யூ’ என்ற தளம் ஒரு சின்ன வேலை செய்தது. ஆய்வுக்கட்டுரையை அனுப்புங்கள் என்று கேட்டது. கட்டுரையே இல்லை! எந்த இதழிலும் வெளியாகவில்லை, சக ஆய்வாளர்கள் யாரும் மதிப்பிடவில்லை. ஆய்வுக்கான செலவில் ஒரு பங்கை ஏற்றது அந்தப் பால் நிறுவனமேதான். பல்கலைக்கழகம் தானே ஒரு விசாரணைக் குழு போட்டது. 2016-இல் வந்த குழுவின் அறிக்கை ஆய்வு வடிவமைப்பையும் செய்திக்குறிப்பு வெளியான விதத்தையும் சேர்த்தே குறை சொன்னது. பால் துறையோடு தொடர்புடைய அமைப்பிடமிருந்து ஆய்வகத்துக்கு வந்த நன்கொடை வெளிப்படுத்தப்படாததும் தெரியவந்தது. செய்திக்குறிப்பை இணையத்திலிருந்து எடுத்தார்கள். 2 லட்சம் டாலருக்கும் மேல் திருப்பிக் கொடுத்தார்கள்.

இங்கே எந்த நிருபரும் எதையும் திரிக்கவில்லை. செய்திக்குறிப்பில் இருந்ததை அப்படியே போட்டார்கள். திருத்தாமல் போட்டதுதான் எங்கள் தரப்புத் தவறு.

ஆய்விதழில் வருவதற்கு முன்பே பத்திரிகையாளர் சந்திப்பு வைக்கலாமா?

சட்டம் தடுக்காது, சரித்திரம் தடுக்கும். 1989 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகம் ஒரு கூட்டம் போட்டது. பான்ஸ், ஃபிளைஷ்மன் என்ற இரு வேதியியலாளர்கள் அறை வெப்பநிலையில், மேசைமேல் வைத்த குடுவையில் அணுக்கரு இணைவை நிகழ்த்திவிட்டதாக அறிவித்தார்கள். உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. விவரமான கட்டுரை கையில் இல்லாததால் மற்ற ஆய்வகங்கள் தொலைக்காட்சிப் படத்தையும் செய்தித்தாளையும் பார்த்து உபகரணம் செய்ய வேண்டியிருந்தது. சில மாதங்களில் கதை முடிந்தது. வேறொரு பல்கலைக்கழகம் முந்திக்கொள்ளும், காப்புரிமை போய்விடும் என்ற பயம்தான் யூட்டாவை அவசரப்படுத்தியது. அந்தப் பயம் இன்றும் எல்லாத் துணைவேந்தர் அறைகளிலும் இருக்கிறது.

2014 மார்ச் 17-இல் பைசெப்2 என்ற தென்துருவத் தொலைநோக்கியின் ஆய்வுக் குழு ஹார்வர்டில் அறிவித்தது இன்னும் நுட்பமான கதை. பிரபஞ்சம் பிறந்த கணத்தின் ஈர்ப்பலைச் சுவடு கிடைத்துவிட்டது என்றார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் அதோடு ஒரு காணொளியும் வெளியிட்டது: குழுவைச் சேர்ந்த விஞ்ஞானி, பிறந்த கணத்தில் பிரபஞ்சம் திடீரென விரிந்தது என்ற கோட்பாட்டை வளர்த்தவர்களில் ஒருவரான ஆந்திரே லிண்டேயின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார், வாசலில் நின்றபடி ஆய்வில் கிடைத்த எண்ணைச் சொல்கிறார், லிண்டேயும் அவர் மனைவியும் உறைந்து நிற்கிறார்கள், ஷாம்பெயின் திறக்கிறார்கள். இலட்சக்கணக்கானோர் பார்த்துக் கண் கலங்கினார்கள். அந்த மகிழ்ச்சிக்கு நடுவிலும் லிண்டே, அழகாக இருக்கிறது என்பதற்காகவே இதை நம்பி ஏமாறுகிறோமோ என்று சந்தேகப்படுவது அதில் பதிவாகியிருக்கிறது. ஓராண்டு முடிவதற்குள், பிளாங்க் விண்கலத் தரவோடு சேர்த்துப் பார்த்தபோது அந்தச் சமிக்ஞையைப் பெரும்பாலும் நம் பால்வெளித் தூசியே விளக்கிவிட்டது.

காணொளியில் பொய் எதுவும் இல்லை. உணர்ச்சி முழுக்க உண்மை. அதனால்தான் அதைத் திரும்பப் பெற வழியில்லை.

ப்ரீபிரிண்ட்டை வைத்துச் செய்தி எழுதலாமா?

ஆய்விதழின் மதிப்பீட்டுக்கு முன்பே ஆய்வாளர்கள் இணையத்தில் போடும் கட்டுரைதான் ப்ரீபிரிண்ட். எழுதலாம், ஆனால் யாரும் இன்னும் சரிபார்க்கவில்லை என்பதை முதல் பத்தியில் சொல்ல வேண்டும். 2023 ஜூலையில் தென்கொரியக் குழு ஒன்று எல்.கே.-99 என்ற பொருள் அறை வெப்பநிலையில் மீக்கடத்தி, அதாவது தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் என்று ஆர்க்சிவ் என்ற ப்ரீபிரிண்ட் தளத்தில் போட்டபோது பங்குச்சந்தைவரை ஆடியது. டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பல இடங்களில் அதைச் செய்து பார்த்தார்கள், மீக்கடத்தல் தென்படவில்லை. ஆகஸ்ட் பாதிக்குள் ஆர்ப்பாட்டம் அடங்கிவிட்டது.

“உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் நம் ஊர்ப் பேராசிரியர்” என்ற செய்தி வருடாவருடம் வருகிறதே. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் தரும் விருதா அது?

இல்லை. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் அயோனிடிஸும் சிலரும் 2019-இல் தொடங்கி, ஸ்கோபஸ் என்ற ஆய்வுக்கட்டுரைத் தரவுத்தளத்தின் எண்களைக் கொண்டு தொகுத்து வெளியிடும் பட்டியல் அது. யாரும் விண்ணப்பிப்பதில்லை, யாரும் தேர்வுக்குழுவில் உட்கார்ந்து தேர்ந்தெடுப்பதில்லை. யாருடைய கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்பதைப் பல அளவுகளில் கணக்கிட்டு ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். அதிலும் இரண்டு பட்டியல்கள்: வாழ்நாள் முழுவதற்குமானது ஒன்று, ஒரே ஓர் ஆண்டுக்கானது இன்னொன்று. பிளெக்ஸ் பேனரில் எந்தப் பட்டியல் என்று போட மாட்டார்கள். வாழ்நாள் பட்டியலில் இடம்பெறுவது பல மடங்கு கடினம்.

மேற்கோள் எண்ணிக்கையை ஊத வைக்கவும் வழி உண்டு. தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டலாம், நண்பர்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொள்ளலாம். அதனால்தான் தொகுப்பாளர்களே தன்மேற்கோளை நீக்கிய கணக்கையும் சேர்த்துத் தருகிறார்கள்; அண்மைப் பதிப்புகளில் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் விவரத்தையும் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் டெஸ்குக்கு இந்தச் செய்தி வந்தால் நான் கேட்பது ஒன்றுதான்: அந்தப் பேராசிரியர் எதைக் கண்டுபிடித்தார்? செய்திக்குறிப்பில் பெரும்பாலும் அதற்குப் பதில் இருக்காது. உண்மையிலேயே நல்ல வேலை செய்பவர்களுக்கு இதனால் அநியாயம்தான் நடக்கிறது. அவர்களுடைய ஆய்வைப் பற்றி நாலு வரி வராமல் ஓர் எண் மட்டும் வருகிறது.

காப்புரிமைச் செய்திகளும் அப்படித்தானா?

கிட்டத்தட்ட. இந்தியாவில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தால் சாதாரணமாக 18 மாதங்களுக்குப் பின் அது காப்புரிமை அலுவலக இதழில் வெளியிடப்படும். கிட்டத்தட்ட எல்லா விண்ணப்பமும் அப்படி வெளியாகும். பரிசோதனையும் ஒப்புதலும் அதற்குப் பிறகுதான். ‘பப்ளிஷ்டு’ என்ற தாளைக் கையில் பிடித்துப் புகைப்படம் எடுத்து ‘காப்புரிமை பெற்று சாதனை’ என்று அனுப்புவது வழக்கமாகிவிட்டது. வடிவமைப்புப் பதிவு இன்னும் வேறு. அது 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பொருளின் தோற்றத்துக்கு மட்டும் கிடைக்கும் பாதுகாப்பு. கருவி வேலை செய்கிறதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எண்ணைக் கேட்டு அலுவலகத் தளத்தில் தேடினால் நிலை தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை.

நிருபர் போன் செய்தால் உடனே பேச வேண்டுமா?

வேண்டாம். எந்த ஊடகம், எதைப் பற்றி, எப்போது தேவை என்று கேளுங்கள். “அரை மணி நேரத்தில் நானே கூப்பிடுகிறேன்” என்று சொல்லுங்கள். சொன்னால் கூப்பிட்டுவிடுங்கள். மாலை ஐந்தரைக்கு மேல் பக்கம் முடிக்கும் நேரம். பேசாவிட்டால் அடுத்த எண்ணுக்குப் போவார், அந்த எண்ணில் இருப்பவருக்கு உங்கள் துறை தெரியாமலும் இருக்கலாம்.

பேசத் தொடங்கிய பிறகு “இதைப் போட்டுவிடாதீர்கள்” என்பது செல்லாது. பெயர் போடக் கூடாது என்றால் முதலிலேயே சொல்லி, அவரும் ஒப்புக்கொண்ட பிறகு பேசுங்கள். இரண்டு வரியில் சொல்ல முடிந்ததை எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். மேற்கோள் பிழைகளில் பாதி அதிலேயே போய்விடும்.

அச்சுக்குப் போகும் முன் செய்தியைப் பார்க்கக் கேட்கலாமா?

முழுச் செய்தியைக் காட்ட மாட்டார்கள். காட்டவும் கூடாது என்பது என் கட்சி. இன்று பேராசிரியருக்குக் காட்டினால் நாளை அமைச்சரும் கேட்பார். உங்கள் மேற்கோளையும் எண்களையும் மட்டும் வாசித்துக் காட்டச் சொல்லலாம். பொறுப்பான நிருபர் மறுக்க மாட்டார்.

அரசுப் பல்கலைக்கழக ஆசிரியர் ஊடகத்தில் பேச அனுமதி வேண்டுமா?

நடத்தை விதிகளைப் பொறுத்தது. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டு விதிகள் முற்றிலும் இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்த எழுத்துக்கு விலக்கு தருகின்றன; அரசின் கொள்கையை விமர்சிப்பதைத் தடுக்கின்றன. தமிழக அரசு ஊழியர்களுக்கு 1973-ஆம் ஆண்டின் தனி விதிகள் உண்டு; பல்கலைக்கழகங்களுக்குத் தத்தம் சட்டவிதிகள் இருக்கும். நடைமுறையில் உங்கள் ஆய்வைப் பற்றிப் பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள். ஏரி ஆக்கிரமிப்பையும் ஆற்று மணலையும் பற்றிப் பேசினால் விதி எண் உடனே ஞாபகத்துக்கு வரும்.

தொலைக்காட்சி விவாதத்துக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

உங்கள் துறை என்றால் போங்கள். மழை பெய்தால் வானிலை, ராக்கெட் பறந்தால் விண்வெளி, காய்ச்சல் வந்தால் வைரஸ் என்று எல்லாவற்றுக்கும் வந்து உட்காரும் ‘நிபுணர்’ ஆகிவிடாதீர்கள். “இது என் துறை இல்லை, இன்னாரைக் கேளுங்கள்” என்று பெயர் சொல்லித் தருபவரைத்தான் நல்ல நிருபர் அடுத்த முறையும் கூப்பிடுவார்.

யாரிடம் ஆய்வு நிதி வாங்குகிறீர்கள் என்பதையும் கேட்காமலே சொல்லிவிடுங்கள். உடல் பருமனுக்கு உணவைவிட உடற்பயிற்சிக் குறைவே பெரிய காரணம் என்று பேசிவந்த அமெரிக்கப் பேராசிரியர் குழு ஒன்றுக்குப் பின்னால் கோகோ-கோலாவின் பணம் இருப்பதை 2015 ஆகஸ்டில் ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதியது. கொலராடோ பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 10 லட்சம் டாலரைத் திருப்பிக் கொடுத்தது. அந்த ஆண்டு இறுதிக்குள் குழுவே கலைந்தது.

வீட்டிலிருந்து இணைப்பில் பேசினால் கதவைத் தாழிடுங்கள். 2017 மார்ச்சில் தென்கொரிய அதிபரின் பதவி பறிப்பு பற்றி பூசான் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் கெல்லி பி.பி.சி.யில் நேரலையில் பேசிக்கொண்டிருந்தார். அவர் என்ன சொன்னார் என்று யாருக்கும் நினைவில்லை. பின்னால் ஆடிக்கொண்டே வந்த மஞ்சள் சட்டைக் குழந்தையை உலகமே நினைவில் வைத்திருக்கிறது.

ஏன் எப்போதும் அதே நாலு ஆண் முகங்கள்?

அவர்களுடைய எண்தான் நிருபரின் போனில் இருக்கிறது. பி.பி.சி.யில் 2017-இல் ஒரு நிகழ்ச்சிக் குழு, வரும் விருந்தினர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று தினமும் எண்ணிப் பார்க்கத் தொடங்கியது; அது ‘50:50’ என்ற திட்டமாக மற்ற நிகழ்ச்சிகளுக்கும் பரவியது. நம் பல்கலைக்கழகங்கள் துறைவாரியாக, பெண் ஆசிரியர்கள், இளம் ஆய்வாளர்கள் உட்பட, தமிழில் பேசக்கூடியவர்களின் பட்டியலைத் தளத்தில் போட்டாலே பாதி குறை தீரும்.

வாசகர் எதைப் பார்த்து நம்புவது?

ஆய்விதழின் பெயர் இருக்கிறதா, எத்தனை பேரிடம் அல்லது எந்த விலங்கிடம் சோதித்தார்கள், அந்த ஆய்வில் பங்கில்லாத வேறொரு நிபுணர் ஏதாவது சொல்லியிருக்கிறாரா. மூன்றில் மூன்றாவது இருந்தால் நிருபர் உழைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

செய்தி தவறாக வந்துவிட்டது. என்ன செய்யலாம்?

முதலில் நிருபருக்கே போன் செய்யுங்கள். இணையப் பதிப்பை அன்றே திருத்திவிடலாம். முகநூலில் திட்டி எழுதினால் அவர் தற்காப்புக்குப் போய்விடுவார். திருத்தாவிட்டால் ஆசிரியருக்கு எழுதுங்கள்: எந்தத் தேதி, எந்தப் பக்கம், எந்த வரி தவறு, சரியானது என்ன என்று அரைப் பக்கத்துக்குள். அதற்கும் பலனில்லை என்றால் இந்தியப் பத்திரிகை மன்றத்திடம் போகலாம். நாளிதழ், வார இதழ் செய்திகளுக்கு வெளியான நாளிலிருந்து இரண்டு மாதம், மற்றவற்றுக்கு நான்கு மாதம் அவகாசம். ஆசிரியருக்கு நீங்கள் எழுதிய கடிதத்தின் நகலை மன்றம் கேட்கும், எனவே பத்திரப்படுத்துங்கள். தொலைக்காட்சி அதன் அதிகாரத்தில் வராது, முதலில் சேனலுக்கு எழுத வேண்டும்.

கடிதம் எழுத உட்காரும் முன், உங்கள் பல்கலைக்கழகம் அனுப்பிய செய்திக்குறிப்பை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். தவறான அந்த வரி அதிலேயே இருந்தால் திருத்தம் முதலில் பி.ஆர்.ஓ. அலுவலகத்திலிருந்து போக வேண்டும்.